எதிரணிக் கொடி

மார்ச் 9, திங்கள்

வெக்கை. மின்விசிறியை மூன்றில் வைத்தால் சத்தம் மட்டும் வருகிறது, காற்று இல்லை. பேரிங் போய்விட்டது. வீட்டுக்கார மாமியிடம் சொன்னேன். "வேனல் கழியட்டுமேடா" என்கிறார். வேனலுக்குத்தானே விசிறி?

செய்ய வேண்டியவை: சலவை. பாண் (இங்கே மும்பையில் பாவ்), முட்டை. லாப் சோதனைக்கு இரண்டாவது பிசின் மாதிரி வார்த்தல். முதலாவது குமிழி விழுந்து நாசம்.

லாப்பில் கையுறையோடு நிற்கும்போது ஊரிலிருந்து அழைப்பு. தெரியாத நம்பர்.

"தம்பி, நான் நிரூபன்ட அம்மா கதைக்கிறன். நம்பர் உங்கட அம்மாட்ட வாங்கினனான்."

"சொல்லுங்கோ அன்ரி."

"அவன் படிப்பை விட்டிட்டு வாறானாம். அடுத்த செவ்வாய் காலமைக்கு டிக்கெட் போட்டிட்டானாம். போன் எடுத்தா 'ஓம்', 'இல்லை', அவ்வளவுதான். ஒருக்காப் போய்ப் பாருங்கோ அப்பன்."

"நான் அவனோட பெரிசாக் கதைக்கிறேல்லை அன்ரி."

"தெரியும். நீங்கள் மற்றக் கொலிஜ். அதுக்காண்டிப் பாக்காமல் விடுவியளே?"

விடலாம் என்றுதான் நினைத்தேன். கையுறையைக் கழற்றி முகவரியை எழுதிக்கொண்டேன்.

நிரூபன் (இனி நி.) வந்ததும் நான் வந்த அதே உதவித்தொகையில்தான். அதே விமானம். வேறு வேறு வரிசை. இருவரும் ஒரே ஊர், ஒரே வயது. ஒரே வீதியின் இரண்டு முனையில் இரண்டு கொலிஜ். நாங்கள், அவங்கள். லாப்பில் அவன் அந்த மூலை, நான் இந்த மூலை. தலையாட்டுவோம். அது போதும் என்றிருந்தது.

சலவை செய்யவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

மாலை, நி. இருக்கும் சுனாபட்டி. கிங்ஸ் சர்க்கிளில் பஸ் வரவில்லை. பொறுமையில்லாமல் நடந்தேன். தவறு. சட்டையைப் பிழிந்தால் வாளி நிறையும்.

நி.யின் அறை இரண்டாம் மாடி. கதவைத் திறந்தவன் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கட்டிலில் சூட்கேஸ், பாதி அடுக்கியபடி. ஜன்னலடியில் இரண்டு வாளித் தண்ணீர், தட்டால் மூடி. அந்தக் கட்டடத்தில் காலையில் மட்டும்தான் தண்ணீர் வருமாம்.

"ஏன் போறாய்?"

"சும்மா."

"சும்மாவுக்கு ஆரும் டிக்கெட் போடுறேல்லை."

கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்ற வேண்டியிருந்தது. செமினாரில் எங்கள் கைடு (ஆய்வு மேற்பார்வையாளர்) எல்லார் முன்னாலும் அவனுடைய அரை வருட வேலையைக் குப்பை என்றுவிட்டார். (என்னுடையதைப் போன மாதம் அதைவிடக் கேவலமாகச் சொன்னார். அதையும் சொன்னேன். பிரயோசனமில்லை.) ஆனால் அது மட்டுமில்லை.

"மெஸ்ஸில நான் வாய் திறந்தா, என்ர தமிழைக் கேட்டு இஞ்சத்தத் தமிழ்ப் பெடியள் சிரிக்கிறாங்கள். இன்னொருக்காச் சொல்லு, இன்னொருக்காச் சொல்லு எண்டு. அன்பாத்தான். ஆனா நான் என்ன ரேடியோவே?"

அதனால் கதைப்பதை நிறுத்திவிட்டான். விரலால் காட்டிச் சாப்பாடு வாங்குகிறான். ஹிந்தி ஏறவில்லை. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். சூட்கேஸில் இன்னொரு சட்டையை வைத்தான்.

நான் வரிசையாக வாதம் வைத்தேன். பட்டம் முடிந்தால் இது, முடிக்காவிட்டால் அது. எல்லாம் சரியான வாதம். ஒன்றும் ஏறவில்லை. சுவருக்கு வெல்டிங் வைத்த மாதிரி.

கடைசியில் வேண்டுமென்றே சொன்னேன்: "உங்கட கொலிஜ் பெடியள் இப்பிடித்தான். அரைவாசியில விட்டிட்டு ஓடுறது."

ஊரில் இதைச் சொன்னால் சைக்கிள் பம்பால் அடி விழும். விழுந்திருக்கிறது. வலது காதுக்குப் பின்னால் தழும்பு இன்னும் உண்டு.

நி. சொன்னான்: "ஓம்."

ஓம் என்றான். அதுதான் பயமாக இருந்தது.

மார்ச் 11, புதன்

இரண்டாவது மாதிரியும் குமிழி. வெற்றிடப் பம்பில் கசிவு. அதன் ரப்பர் ஓ-வளையம் மாற்ற வேண்டும். யாரும் மாற்றமாட்டார்கள், நான்தான்.

எங்கள் கொலிஜ் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் காலையிலிருந்து கொடிப் படங்கள். டொரொன்டோ, லண்டன், மெல்பேர்ன். வெள்ளியும் சனியும் ஊரில் இரண்டு கொலிஜுக்கும் கிரிக்கெட் மட்ச். பனியில் நின்றுகூடக் கொடி பிடித்திருக்கிறான்கள். பைத்தியங்கள். ஒருவன் கேட்டான்: "மும்பை? ஆரும் இல்லையோ?"

"ஒருவன்" என்று போட்டேன். பிறகு அழித்தேன். ஏன் அழித்தேன் என்று தெரியவில்லை.

செல்வினிடம் சொன்னேன். செல்வின் என் பக்கத்து மேசை. தாராவிக்காரன், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். பம்ப் கசிவைக் காதால் கண்டுபிடிப்பான். மற்றபடி வாய்.

"காலேஜுன்னா? நம்ம காலேஜ் மாதிரியால?"

"இல்லை. எங்கட ஊரில பள்ளிக்கூடத்தைத்தான் கொலிஜ் எண்டுறது. அஞ்சு வயசில உள்ள போனா மீசையோட வெளிய வாறது."

"அதுக்கா இவ்வளவு லஃப்டா, தகராறு?"

"நூறு வருசமா ரெண்டு கொலிஜுக்கும் மட்ச். முதல் நாள் பின்னேரம் நாங்கள் பாண்ட் வாத்தியம் அடிச்சுக்கொண்டு அவங்கட மதிலடிக்குப் போவம். கத்துவம்."

"அவனுவ என்ன பண்ணுவானுவ?"

"மதிலுக்கு மேல நிண்டு வாளியால தண்ணி ஊத்துவாங்கள்."

செல்வின் ஸ்பேனரைக் கீழே வைத்தான். "நல்ல காலேஜுல! எக்தம் மஸ்த். சனிக்கெழம நாம வெளையாடுவோம். பயலுவள நான் கூட்டிட்டு வாரேன்."

மாலையில் அவன் பயல்களிடம் கேட்டுவிட்டு வந்தான். எல்லாரும் தயார். ஆனால் எல்லாரும் என் கொலிஜ்தானாம். அவங்கள் பக்கம் போக ஒருவரும் இல்லை.

"ஒனக்கு எதிரி டீம் வேணுமே சிலோன். நா வேணா போவட்டா?" (சிலோன் என்றால் நான்.)

செல்வின் போனால் அது செல்வின். அவனுக்கு எங்களைத் திட்டத் தெரியாது. எங்கள் தலைமை ஆசிரியரின் பட்டப்பெயர் தெரியாது. நாங்கள் எந்த வருடம் எப்படிக் கேவலப்பட்டுத் தோற்றோம் என்று தெரியாது. இந்த நகரத்தில் எங்கள் கொலிஜை முறையாக வெறுக்கத் தெரிந்தவன் ஒருவன்தான். அவன் செவ்வாய் காலை போகிறான்.

மார்ச் 12, வியாழன்

கொடி வேலை. தாராவி, செல்வின் வீடு. கீழே தோல் பட்டறை, மேலே அவன் அம்மாவின் தையல் மெஷின் இரண்டு. ஏணிப்படியில் தலை இடித்தேன். இரண்டு முறை.

எங்கள் கொடி பச்சை, மஞ்சள். நடுவில் பனைமரம். அவங்கள் கொடி ஊதா, வெள்ளை. நடுவில் பாய்மரக் கப்பல்.

"ரெண்டு கொடியும் நீங்கதான் தைக்கணுமாய்யா?" செல்வினின் அம்மா. "ஒங்க விரோதி கொடிய அவங்கல்ல தைக்கணும்?"

"அவன் தைக்கிற நிலையில இல்லை அம்மா."

"மேலுக்குச் சொகமில்லையா?"

"மனசுக்கு."

அவர் எழுந்து துணி மூட்டையை அவிழ்த்தார். கப்பலுக்கு நல்ல துணியாகத் தேடி எடுத்தார்.

வேடிக்கை: எங்கள் பனைமரத்தை வரைய போனில் படம் பார்க்க வேண்டியிருந்தது. ஓலை எத்தனை, சாய்வு எந்தப் பக்கம் என்று மறந்துவிட்டது. அவங்கள் கப்பலைப் பார்க்காமல் வரைந்தேன். பாயில் மூன்று கோடு, அடியில் இரண்டு அலை, கொடிமரத்தில் ஒரு நட்சத்திரம். வகுப்பில் எத்தனை மேசையில் அதைக் கீறி, மூழ்குவது மாதிரி ஆக்கியிருப்பேன்.

"கப்பல் லெச்சணமா இருக்கு" என்றார் செல்வினின் அம்மா. "ஒங்க பனதான் வெளக்கமாறு மாரி இருக்கு."

செல்வின் சிரித்துச் சிரித்து மெஷின் மேலேயே விழுந்தான். நான் சிரிக்கவில்லை. அது உண்மையாகவே விளக்குமாறு மாதிரித்தான் இருந்தது.

கம்பில் சுற்றாமல் விரித்தபடி கொடிகளைக் கொண்டு வந்தது அடுத்த தவறு. வழியில் டீக்கடையில் ஒருவர்: "கோன்ஸீ பார்ட்டி?" (எந்தக் கட்சி?) என் வீடு இருக்கும் மாட்டுங்கா வரும்வரை மூன்று பேர் அதையே கேட்டார்கள். கடைசி ஆள் தேர்தல் சீட் கிடைக்குமா என்று விசாரித்தார். மாமி பால்கனியில் கட்டவிடவில்லை. "என்னத்துக்குடா வம்பு? நாளைக்கு இன்னொரு பார்ட்டிக்காரன் வருவான், கேட்டியா." பச்சைக் கொடி விறாந்தைக்குள் தொங்குகிறது. ஊதாக் கொடியை நாற்காலியில் மடித்து வைத்தேன். முதலில் கீழே போட்டேன். பிறகுதான் எடுத்து வைத்தேன்.

மார்ச் 13, வெள்ளி

ஊரில் முதல் நாள் ஆட்டம். எங்கள் நிலை படுமோசம். இடைவேளைக்குள்ளேயே பாதிப் பேர் வெளியே. போனை மூடிவிட்டேன்.

முறைப்படி மதிலடிக்கு நேற்றே போயிருக்க வேண்டும். ஆனால் எங்கள் மட்ச் நாளைக்கு. ஆகவே இன்று சரி.

பின்னேரம். நான், செல்வின், அவனுடைய பயல்கள் நாலைந்து பேர். கணபதி மண்டலிலிருந்து (விழாக் குழு) ஒரு பெரிய டோல் மேளமும் ஒரு சின்னத் தாஷா மேளமும். டாக்ஸிக்குள் டோல் ஏறவில்லை. செல்வின் அதை மடியில் வைத்துக்கொண்டு டெம்போவில் வந்தான்.

சுனாபட்டி. நி.யின் ஜன்னலுக்குக் கீழே. டோல் ஓர் அடி விழுந்ததும் புறாவெல்லாம் பறந்தன. ஜன்னல்கள் திறந்தன, அவன் ஜன்னலைத் தவிர.

முதலில் மெதுவாகத்தான் தொடங்கினேன். ஊரில் இருநூறு பேரோடு கத்துவது வேறு. இங்கே எங்கள் கோஷம் தெரிந்தவன் நான் மட்டும். தனிக்குரலில் அது கேட்கச் சகிக்கவில்லை. காய்கறிக்காரர் தராசை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார்.

கத்தினேன். கப்பல் மூழ்குது, கப்பல் மூழ்குது, அந்தப் பாட்டு முழுவதும். செல்வினின் பயல்கள் இரண்டாம் தடவையிலேயே பிடித்துக்கொண்டார்கள். தாஷா அடிக்கிறவன் சொந்தமாக ஒரு துள்ளல் சேர்த்தான். நன்றாகவே இருந்தது.

வாட்ச்மேன் ஓடி வந்தார். பின்னால் சொசைட்டி செக்ரட்டரி, பனியனோடு. யாருக்குக் கல்யாணம் என்று ஹிந்தியில் கேட்டார். செல்வின் மராத்தியில் சமாதானம் சொன்னான்: இது எங்க ரெண்டாம் மாடி நண்பருக்கு மரியாதை. செக்ரட்டரி: அந்தப் பையனா? வாய் பேச வராதவர் இல்லையா அவர்?

டோலை நானே வாங்கி அடித்தேன். அடிக்கத் தெரியாது. பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தேன். அவங்கட தலைமை ஆசிரியரின் பட்டப்பெயரைச் சொல்லிக் கத்தினேன். தொண்ணூறுகளில் அவங்கள் சுருண்ட கணக்கைச் சொல்லிக் கத்தினேன். வாங்கோடா வெளிய என்றேன், ஆயிரம் பேர் உள்ளே இருக்கிற மாதிரி.

ஜன்னல் திறந்தது.

நி. நின்றான். முகத்தில் ஒன்றும் இல்லை. உள்ளே போனான். அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

தண்ணீர் முழு வாளியாக வந்து விழுந்தது. தலையிலிருந்து செருப்பு வரை. டோலிலும் கொஞ்சம். கண்ணைத் துடைத்துவிட்டு மேலே பார்ப்பதற்குள் இரண்டாவது வாளி.

"உங்கட மூஞ்சிக்கு டோல் ஒரு கேடு! பனங்கொட்டையள்! ஓடுங்கோடா!"

சுனாபட்டி முழுக்கக் கேட்டிருக்கும். செக்ரட்டரி வாய் திறந்தபடி நின்றார். பிறகு தண்ணீர் வீண் என்று கத்தத் தொடங்கினார். அது அவர் உரிமை.

செல்வின்: "இப்ப என்னல பண்ணணும்?"

"ஓட வேணும். முறை அதுதான்."

ஓடினோம். போகும்போது ஊதாக் கொடியை வாட்ச்மேனிடம் கொடுத்து, மேலே கொடுங்கள், நாளைக் காலை சயான் மைதானம் என்றேன்.

ஈரச் சட்டையோடு மெஸ்ஸில் உட்கார்ந்து சாப்பிட்டேன். குளிர்ந்தது. சுகமாக.

மார்ச் 14, சனி

மைதானம். எங்கள் ஆடுகளத்துக்குக் குறுக்கே இன்னொரு மட்ச், அதற்குக் குறுக்கே இன்னொன்று. பக்கத்து மட்சின் களத்தடுப்பாளர் (பீல்டர்) எங்கள் விக்கெட்டுக்குப் பின்னால் நிற்கிறார். எங்கள் பந்தை அவர் பிடித்துப் போடுகிறார். இங்கே யாருக்கும் குழப்பமில்லை.

நி. வரமாட்டான் என்று நினைத்தேன். வந்தான். கொடியைக் கழுத்தில் கட்டியிருந்தான். கண் வீங்கியிருந்தது. கிட்ட வந்ததும் வியர்வை நாற்றம்.

"குளிக்கேல்லையோ?"

"இண்டைக்குக் குழாயில வரேல்லை. இருந்த தண்ணியெல்லாம் உன்ர தலையில."

பிறகு கொடியை விரித்துக் காட்டி: "உதென்ன, அலை ரெண்டுதான் போட்டிருக்கு? மூண்டு."

"ரெண்டு."

"மூண்டு. என்ர கொலிஜ், எனக்குத் தெரியாதே?"

மூன்றுதான். இவ்வளவு காலமும் தவறாகக் கீறியிருக்கிறேன்.

பக்கம் பிரித்தோம். அவனுக்குக் கிடைத்த பயல்களை மரத்தடியில் உட்கார வைத்து என்னவோ பாடம் நடத்தினான். திரும்பி வரும்போது எல்லாருக்கும் எங்களைத் திட்டத் தெரிந்திருந்தது. தாராவி நாக்கில் எங்கள் ஊர் வசவு. ஒருவன் என்னைப் பார்த்து, "பனங்கொட்ட! ஏலுமெண்டா அடில பாப்பம்!" சிரிப்பை அடக்க முடியவில்லை. நி. சிரித்தான். அவனைப் பார்த்து அல்ல, அவனோடு சேர்ந்து மற்றவர்கள் சிரித்தார்கள்.

என்னை ஓட்டம் எடுக்க விடாமலே போல்ட் ஆக்கினான். நோ-போல் என்றேன். இல்லை என்றான். இருவரும் ஆடுகள நடுவில் நின்று கத்தினோம். குறுக்கு மட்ச்காரர்களும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வந்து கேட்டார்கள். செல்வின் யாரிடமோ: "வுடு யார். பாஷ கேக்கவே சுகமா இருக்கு, சண்ட போடட்டும்."

"இன்னொருக்காச் சொல்லு" என்றான் நி.யின் பயல் ஒருவன், வசவு ஒன்றைக் குறித்து. நான் நி.யின் முகத்தைப் பார்த்தேன். நி. நிதானமாக, அழுத்தந்திருத்தமாக, இன்னொருக்காச் சொன்னான்.

அவங்கள் துரத்தல். கடைசி விக்கெட். நி. துடுப்போடு (மட்டை) நிற்கிறான், இன்னும் கொஞ்ச ஓட்டம்தான். அப்போது கையில் ஸ்டம்புகளோடு வேறொரு கூட்டம். "பாய், ஹமாரா புக்கிங் ஹை." எங்கள் ஸ்டம்பைப் பிடுங்கித் தந்துவிட்டார்கள்.

"டிரா" என்றேன்.

"டிராவோ? முடியேல்லை. நான் நொட் அவுட்." பந்தை எடுத்துக் காற்சட்டைப் பையில் போட்டான். "வாற சனி, இதிலயிருந்து தொடங்குவம். இடம் பிடிச்சு வை."

செவ்வாய் விமானம் என்று நான் நினைவுபடுத்தவில்லை. செல்வின் வாயைத் திறந்தான். காலை மிதித்தேன்.

ஊரில் அவங்கள் வென்றுவிட்டார்கள். படுதோல்வி. எங்கள் குழுவில் மயான அமைதி.

மார்ச் 15, ஞாயிறு

சலவை செய்தேன், ஒருவழியாக. பச்சைக் கொடி சாயம் விட்டு எல்லாம் பச்சை.

நி.யிடமிருந்து குரல் செய்தி. நெடுக நக்கல். எங்கள் அணியை, பயிற்சியாளரை, பனைமரத்தை, என் டோல் அடியை. மூச்சு வாங்க நிறுத்தி, மறுபடி. மூன்று முறை கேட்டேன். நாலாவது முறை கேட்கும்போது மாமி கதவைத் தட்டினார். "யாருடா அது, இவ்வளவு ஏசறான்?"

"ஊர்க்காரன் மாமி."

"நல்ல சிநேகிதமோ?"

"இல்லை. மற்றக் கொலிஜ்."

டிக்கெட் பற்றி அவனும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மார்ச் 16, திங்கள்

நி. லாப்புக்கு வரவில்லை. சூட்கேஸ் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. அவன் அம்மா இரண்டு முறை அழைத்தார். எடுக்கவில்லை. என்ன சொல்வது?

விசிறியைக் கழற்றி பேரிங் மாற்றினேன். சத்தம் நின்றது. காற்று வருகிறது. தூக்கம் வரவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

காலையில் விமான நிலையம் போகலாமா என்று யோசித்தேன். போய் என்ன செய்வது, கொடி காட்டுவதா? போகவில்லை. பிந்தி எழுந்தேன், பஸ்ஸும் பிந்தியது. விமானம் ஏறியிருக்கும் நேரம் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். சயான் மைதானம் பக்கம் பார்க்கவில்லை.

லாப். பிசின் மாதிரிகளை இழுத்துச் சோதிக்கும் இயந்திரம் காலையில் என்னுடைய முறை. கதவைத் திறந்தால் இயந்திரம் ஓடுகிறது. நி. உட்கார்ந்திருக்கிறான். கைடு குப்பை என்ற அதே மாதிரிகள், இரவோடிரவாகப் புதிதாக வார்த்து, வரிசையாக. என் மேசையில் என் குறிப்புக் கொப்பி மேல் அந்தப் பந்து.

வாசலிலேயே நின்றேன்.

"இது என்ர நேரம்" என்றேன்.

"பிந்தி வந்தா இப்பிடித்தான். பனங்கொட்டையளுக்கு எப்பவும் நேரம் தெரியாது."

"அம்மாட்டச் சொன்னியோ?"

"நீ சொல்லு. உனக்குத்தானே முதல் போன் அடிச்சவ."

"மெஷின் எப்ப விடுவாய்?"

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சனிக்கிழமை மட்ச் முடியட்டும், பாப்பம்."

கள்ளன்.